ஏழாயிரம் கற்களின் கடன்

மண்ணில் வரைந்தவர்கள் – 11

சென்ற வாரம் ராபர்ட் ஸ்மித்ஸனை அமெரிக்காவின் உட்டா மாநிலத்து உப்பு ஏரியில் பார்த்தோம். 1970-இல் ஆறாயிரம் டன்னுக்கும் அதிகமான எரிமலைப் பாறையையும் மண்ணையும் லாரி லாரியாகக் கொட்டி, 1,500 அடி நீளத்துக்கு ஒரு சுருள் பாதையை ஏரிக்குள் போட்டார் அவர். சில வருடங்களுக்குள் ஏரி ஏறி வந்து அதை மூடிவிட்டது. 1973-இல், அடுத்த படைப்புக்கான இடத்தை வானிலிருந்து பார்க்கப் போன சிறிய விமானம் விழுந்து ஸ்மித்ஸனும் இறந்துபோனார். வயது 35.

பூமியைக் கீறிக் காட்டித்தான் பூமியைப் பற்றிப் பேச வேண்டுமா? அந்தக் கேள்வியோடு நிறுத்தியிருந்தோம்.

ஒன்பது வருடம் கழித்து ஜெர்மனியில் ஒருவர் இதற்குப் பதில் சொல்லக் கிளம்பினார். வேடிக்கை என்னவென்றால், அவரும் எரிமலைப் பாறையைத்தான் கையில் எடுத்தார். பதிலும் லேசில் முடியவில்லை.

*

1982, வசந்த காலத் தொடக்கம். மேற்கு ஜெர்மனியின் காஸல் நகரம்.

ஊரின் நடுவே ஒரு பரந்த சதுக்கம். அதன் ஒரு பக்கத்தில் ஃப்ரிடரிசியானும் அருங்காட்சியகம். 1779-இல் திறந்தது. பொதுமக்கள் பார்ப்பதற்காகவே ஐரோப்பாவில் எழும்பிய முதல் சில அருங்காட்சியகங்களில் ஒன்று. அதன் வாசலுக்கு எதிரே லாரிகள் வந்து கல்லைக் கொட்டத் தொடங்கின.

சாதாரணக் கல் இல்லை. பசால்ட் தூண்கள். எரிமலைக் குழம்பு ஆறி இறுகும்போது தானாகவே பிளந்து, ஐந்து பட்டையும் ஆறு பட்டையுமாகப் பிரிந்து நிற்குமே, அந்தக் கருத்த தூண்கள். உளி படாதவை. ஒவ்வொன்றும் ஏறக்குறைய நான்கடி நீளம்.

கொட்டினார்கள், கொட்டிக்கொண்டே இருந்தார்கள். மொத்தம் 7,000 கற்கள். உயரத்திலிருந்து பார்த்தால் பெரிய முக்கோணம். அதன் கூர்முனையில் ஒரே ஓர் ஓக் கன்று.

காஸல்காரர்களுக்கு, அதிலும் வயதானவர்களுக்கு, அந்தச் சதுக்கத்தில் கற்குவியல் என்பது புதிய காட்சி இல்லை. 1943 அக்டோபர் 22 இரவு பிரிட்டிஷ் குண்டுவீச்சில் பழைய நகரம் முழுக்க எரிந்தது. ஒரே இரவில் சுமார் 10,000 பேர் மாண்டார்கள். டாங்கிகளும் ரயில் என்ஜின்களும் செய்த ஹென்ஷெல் தொழிற்சாலை அங்கே இருந்ததற்கு ஊர் கொடுத்த விலை அது. அந்த இடிபாட்டை அள்ளித் தீர்க்கவே வருடக்கணக்கானது. இப்போது யாரோ ஒருவர் திரும்பவும் கல்லைக் கொண்டுவந்து கொட்டுகிறார். அதற்குப் பெயர் கலை என்கிறார்கள்.

*

காஸலுக்குக் கலை புதிதில்லை. 1955-இல் அரசாங்கத்தின் தோட்டக் கண்காட்சி அந்த ஊருக்கு வந்தபோது, ஆர்னோல்ட் போடே என்ற உள்ளூர் ஓவியர் அதன் ஓரமாகவே ஒரு நவீன ஓவியக் கண்காட்சியையும் நடத்திவிட்டார். ஹிட்லர் ஆட்சி கேவலம் என்று ஒதுக்கிவைத்த ஓவியங்களை, குண்டடி பட்ட அதே ஃப்ரிடரிசியானும் கட்டடத்துக்குள் மாட்டினார். அதற்கு டாக்குமென்டா என்று பெயர். நான்கைந்து வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் அந்த விழா, உலக நவீனக் கலையின் பெரிய திருவிழாவாகிவிட்டது. பூந்தோட்டத்தின் நிழலில் பிறந்த கண்காட்சி என்பதைப் பின்னால் பலர் மறந்துபோனார்கள்.

1982-இல் ஏழாவது டாக்குமென்டா. கல்லைக் கொட்டியவர் ஜோசப் பாய்ஸ்.

எப்போதும் தலையில் கம்பளித் தொப்பி, உடம்பில் பல பைகள் வைத்த மீன்பிடிக்காரரின் கையில்லாச் சட்டை. வயது 60. டுசெல்டார்ஃப் கலைக் கல்லூரியில் சிற்பப் பேராசிரியராக இருந்தவர். இடமில்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட மாணவர்களை எல்லாம் தன் வகுப்பில் சேர்த்துக்கொண்டு, அலுவலகத்துக்குள் போய் உட்கார்ந்து, 1972-இல் வேலையை இழந்தவர். 1980-இல் பசுமைக் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர். ஒவ்வொரு மனிதனும் கலைஞனே என்று சொல்லிச் சொல்லியே பாதி நாட்டைப் பின்னால் வரவைத்தவர், மீதி நாட்டை எரிச்சலூட்டியவர்.

போர் விமானத்தில் பறந்தவரும்கூட. 1944 மார்ச் 16-இல் கிரிமியாவில் அவர் இருந்த விமானம் விழுந்தது. விமானி இறந்தார், பாய்ஸ் பிழைத்தார். தாத்தார் நாடோடிகள் தன்னைக் கண்டெடுத்து, உடம்பில் கொழுப்பைத் தடவி, கம்பளியில் சுற்றிக் காப்பாற்றினார்கள் என்று பின்னாளில் அவர் சொன்ன கதை உலகப் புகழ் பெற்றது. ஆராய்ந்து பார்த்தவர்கள், ஜெர்மன் ராணுவமே அவரை மீட்டு மறுநாள் மருத்துவமனையில் சேர்த்துவிட்டது என்று நிறுவினார்கள். மனிதர் தன்னைப் பற்றிய புராணத்தைத் தானே எழுதிக்கொண்டவர். இதை மனதில் வைத்துக்கொண்டே அவர் பின்னால் போவோம்.

ஏன் சொல்கிறேன் என்றால், காஸல் சதுக்கத்தில் அவர் அந்த முதல் ஓக் கன்றை நட்ட தேதி 1982 மார்ச் 16. சரியாக 38 வருடம். தற்செயலாக இருக்கலாம். ஆனால் பாய்ஸ் விஷயத்தில் ‘தற்செயல்’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

*

மரத்தின் மேல் அவருக்கு அக்கறை திடீரென்று வந்ததில்லை.

1971 டிசம்பர். டுசெல்டார்ஃபின் கிராஃபன்பெர்க் காட்டில் ஒரு பகுதியை வெட்டி டென்னிஸ் மைதானங்களை விரிவாக்க ஒரு கிளப் திட்டமிட்டது. பாய்ஸ் சுமார் ஐம்பது மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போனார். கோஷம் போடப் போகவில்லை. எல்லார் கையிலும் பிர்ச் குச்சி விளக்குமாறு. காட்டைப் பெருக்கினார்கள். மரங்களுக்கு நடுவே, உதிர்ந்த இலைகளுக்கு மேலே, வீட்டு முற்றத்தைப் பெருக்குவது போலப் பெருக்கினார்கள். இது எங்கள் வீடு என்று சொல்வதற்கு அதைவிடச் சுருக்கமான வழி இல்லை.

பத்து வருடத்தில் ஜெர்மனியின் காடு தலைப்புச் செய்தியாகிவிட்டது. காஸலிலிருந்து அதிக தூரமில்லாத கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில், மண் விஞ்ஞானி பெர்ன்ஹார்ட் உல்ரிக் ஒரு மலைக்காட்டு மண்ணைப் பல வருடமாகச் சோதித்துவந்தார். நிலக்கரி மின் நிலையங்களின் புகைபோக்கிகள் கக்கும் கந்தக டை ஆக்சைடு மழையில் கரைந்து அமிலமாக இறங்குகிறது, மண் கெடுகிறது, வேர் சாகிறது என்றார். 1981 நவம்பரில் ‘டெர் ஸ்பீகல்’ வார இதழ் அமில மழையையும் சாகும் காட்டையும் அட்டையில் போட்டது. நாடு அதிர்ந்தது.

அதே நவம்பர், 2-ஆம் தேதி. ஃபிராங்ஃபர்ட் விமான நிலையத்துக்குப் புதிய ஓடுபாதை போடக் காட்டை வெட்டுவதை எதிர்த்து, மரங்களுக்கு நடுவே குடிசை போட்டுத் தங்கியிருந்தவர்களைப் போலீஸ் அப்புறப்படுத்தியது. ஃபிராங்ஃபர்ட்டும் காஸலும் ஒரே ஹெஸ்ஸன் மாநிலம். அந்த மாநிலத்தின் முதல்வர் ஹோல்கர் பர்னர் பிறந்ததும் காஸலில்தான்.

அன்று பயந்த அளவுக்குக் காடுகள் மொத்தமாகச் சாகவில்லை. 1983-இல் மின் நிலையப் புகைக்குக் கடுமையான சட்டம் வந்தது, கந்தகம் குறைந்தது. அது பின்னால் நடந்தது. 1982-இல் சாதாரண ஜெர்மானியர் ஒருவர் மரத்தைப் பார்த்த பார்வையில் ஒரு சாவுக் கவலை இருந்தது. பாய்ஸ் காஸலுக்கு வந்தது அந்த நேரத்தில்.

*

இனி, அந்தக் கற்களோடு பாய்ஸ் போட்ட நிபந்தனை.

குவியலிலிருந்து ஒரு கல்லை எடுக்க வேண்டுமா? ஊரில் எங்காவது ஒரு மரம் நட வேண்டும். எடுத்த கல்லை அந்த மரத்தின் பக்கத்திலேயே செங்குத்தாக ஊன்ற வேண்டும். வேறு எந்தக் காரணத்துக்காகவும் எந்தக் கல்லும் அந்த இடத்தைவிட்டு நகரக் கூடாது.

அவ்வளவுதான். பார்க்க அசிங்கமாக இருக்கிறதா? ஒரு மரம் நடு, ஒரு கல் குறையும். முழுவதும் போக வேண்டுமா? ஏழாயிரம் நடு.

இதன் குறும்பு மெதுவாகத்தான் விளங்கும். மரம் நடும் விழா எந்த ஊருக்கும் புதிதில்லை. பிரமுகர் வருவார், மண்வெட்டியைத் தொடுவார், படம் எடுப்பார்கள். அடுத்த மாதம் கன்று இருந்த இடத்தில் கூண்டு மட்டும் நிற்கும். நமக்குத் தெரியாத கதையா? நடாமல் போன மரம் எங்கேயும் தெரியாது. அதனால் அதைப் பற்றி யாருக்கும் வெட்கமும் கிடையாது.

பாய்ஸ் இதைப் புரட்டிப்போட்டார். நட்ட மரங்களை ஊர் முழுக்கச் சிதறவிட்டார். நடாத மரங்களை ஊர் நடுவில் குவித்துவைத்தார். கடன் கொடுத்தவன் வாசல் திண்ணையில் வந்து உட்கார்ந்துகொண்டால் வீட்டுக்காரர் பாடு எப்படி இருக்கும்? ஒவ்வொரு முறை வெளியே போகும்போதும் அவன் முகத்தில்தானே விழிக்க வேண்டும்! அப்படித்தான் உட்கார்ந்திருந்தது அந்தக் குவியல். என்னைக் கேட்டால், இந்தப் படைப்பின் மூளை அங்கேதான் இருந்தது. மரம் நட யாராலும் முடியும்.

ஏன் ஓக்? அது நிதானமாக வளரும், நூற்றாண்டுகள் நிற்கும். ஜெர்மானியர்களின் பழைய புனித மரம். இங்கே ஒரு முள்ளும் உண்டு. நாஜிகளும் ஓக்கைப் பிடித்துத் தொங்கியவர்கள்தான். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர்களுக்குப் பதக்கத்தோடு ஓக் கன்றும் கொடுத்து அனுப்பினார்கள். அந்தக் கறையோடுதான் பாய்ஸ் அந்த மரத்தைத் தேர்ந்தெடுத்தார். நடைமுறையில் எல்லா இடத்துக்கும் ஓக் ஒத்துவரவில்லை. இடத்துக்கு ஏற்றபடி லிண்டன், மேப்பிள், செஸ்ட்நட், பிளேன் மரங்களும் சேர்ந்தன. பெயர் மட்டும் ‘7000 ஓக் மரங்கள்’ என்றே நின்றது.

*

ஒரு மரம் நடுவதைப் பக்கத்தில் நின்று பார்ப்போம்.

ஒரு தெருக்காரர்கள் மரம் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாய்ஸும் எழுத்தாளர் ஹைன்ரிக் போலும் சேர்ந்து தொடங்கிய சுதந்திர சர்வதேசப் பல்கலைக்கழகத்தின் காஸல் ஆட்கள் வருகிறார்கள். நகரசபையின் தோட்டத் துறையிடம் பேச வேண்டும். தெருவுக்கு அடியில் என்ன ஓடுகிறது என்று பார்க்க வேண்டும்: தண்ணீர்க் குழாய், எரிவாயுக் குழாய், மின்சாரக் கேபிள், டெலிபோன் கேபிள். போருக்குப் பின் கார்களுக்காகவே அகலமாகப் போட்ட சாலைகள் அவை. நடைபாதை ஓரத்தில் தாரைப் பெயர்த்துக் குழி எடுத்தால், வருவது கெட்டித்துப்போன சரளை. நல்ல மண்ணை வெளியிலிருந்து கொண்டுவந்து நிரப்ப வேண்டும். அதன் பிறகுதான் கன்று. முட்டுக்கொடுக்கக் கழிகள். கடைசியாகச் சதுக்கத்திலிருந்து வந்த கல்.

நட்டு முடித்த அன்று கல்தான் பெரிய ஆளாகத் தெரியும். மரம் அதன் பக்கத்தில் ஒல்லியாக நிற்கும். பாய்ஸுக்கு வேண்டியிருந்தது அதுவே. கல் இனி ஓர் அங்குலமும் வளராது. மரம் பெருக்கும். பத்து வருடத்தில் ஒன்றுக்கொன்று சமமாகத் தோன்றும், முப்பது வருடத்தில் கல் மரத்தின் காலடியில் கிடக்கும். சிற்பி உருவத்தைச் செதுக்காமல், அது மாறும் கணக்கை மட்டும் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்.

எல்லாரும் வரவேற்றார்கள் என்று நினைக்க வேண்டாம். கார் நிறுத்தும் இடம் போகிறது என்று சண்டை வந்தது. இலை விழும், வெளிச்சம் குறையும் என்றார்கள். ஊரின் முகப்பை இப்படி அலங்கோலப்படுத்துவதா என்று கேட்டார்கள். ஓர் இரவில் யாரோ வந்து கற்களுக்கு இளஞ்சிவப்புச் சாயம் அடித்துவிட்டுப் போனார்கள். மேயர் ஹான்ஸ் ஐக்கெல் காலத்து நகரசபை இத்தனையையும் சமாளித்துத் திட்டத்துக்கு இடம் கொடுத்தது. அந்த ஐக்கெல் பின்னாளில் ஜெர்மனியின் நிதியமைச்சர் ஆனார்.

*

மரம் இருக்கிறது, கல் இருக்கிறது. பணம்?

திட்டத்துக்குப் பெரிய தொகை வேண்டியிருந்தது. தொடக்கத்துக்கும் கற்களுக்கும் பணம் கொடுத்தது அமெரிக்காவின் டியா கலை அறக்கட்டளை. அந்த அறக்கட்டளையின் பெட்டியை நிரப்பியது ஷ்லம்பெர்கர் குடும்பச் சொத்து. உலகமெங்கும் எண்ணெய்க் கிணறு தோண்டுபவர்களுக்குத் தொழில்நுட்பம் விற்றுச் சேர்த்த செல்வம் அது. காஸலின் கார் புகைக்கு எதிராக நட்ட மரங்களின் வேரில் பெட்ரோல் வாசனை இல்லாமல் இல்லை. (சென்ற வாரம் பார்த்த ஸ்மித்ஸனின் உப்பு ஏரிச் சுருளும் இன்று அதே டியாவிடம்தான் இருக்கிறது.)

அந்த வருடங்களில் எண்ணெய்ச் சந்தை சரிந்தது. ஷ்லம்பெர்கர் பங்குகளும் சரிந்தன, டியாவே தள்ளாடியது. மீதிப் பணத்தைப் பாய்ஸ்தான் தேட வேண்டியிருந்தது.

ஒரு மரம் 500 மார்க் என்று விலை வைத்துப் பொதுமக்களிடம் நன்கொடை கேட்டார். நண்பர்களான ஓவியர்கள் தங்கள் படைப்புகளை விற்கக் கொடுத்தார்கள். ஜப்பானிய விஸ்கி விளம்பரம் ஒன்றில், தொப்பியும் கோப்பையுமாக, அவரே நடித்தார். முதலாளித்துவத்தை மேடை மேடையாக விளாசியவர் மதுவுக்கு முகம் கொடுத்ததைப் பலர் கிண்டல் செய்தார்கள். எனக்கு அதில் பெரிய குறை தெரியவில்லை. பணம் மண்ணுக்குள்தான் போனது.

எல்லாவற்றையும் தூக்கியடித்தது 1982 ஜூன் 30.

ரஷ்யப் பேரரசர் பயங்கர இவானின் கிரீடத்தைப் போல அச்சு அசலாகச் செய்த ஒரு தங்கக் கிரீடம் டுசெல்டார்ஃப் உணவக முதலாளி ஒருவரிடம் இருந்தது. அவர் அதைப் பாய்ஸிடம் கொடுத்துவிட்டார். பாய்ஸ் அதைச் சதுக்கத்துக்குக் கொண்டுவந்தார். கூட்டம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முத்துகளையும் மணிகளையும் கழற்றித் தனியே வைத்தார். கிரீடத்தை உருக்கத் தொடங்கினார்.

கூட்டத்திலிருந்து கூச்சல். நகல்தான் என்றாலும் கிரீடம் கிரீடம்தானே! கண்ணெதிரே அது குழைந்து, வடிவம் இழந்து, மஞ்சள் குழம்பானது. பாய்ஸ் அதை அச்சில் ஊற்றினார். உள்ளேயிருந்து வந்தது ஒரு முயல். உட்கார்ந்த நிலையில், கைக்கு அடக்கமாக, ஒரு தங்க முயல். அரசாட்சியின் சின்னம் போய், மண்ணோடு ஒட்டி வாழும் ஒரு பிராணி வந்து உட்கார்ந்தது.

அந்த முயலை ஒரு கலைச் சேகரிப்பாளர் 7,77,000 மார்க்குக்கு வாங்கினார். இன்று அது ஸ்டுட்கார்ட் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மரம் 500 மார்க் என்று கணக்கிட்டால் ஒரு முயலுக்கு 1,554 மரங்கள்.

*

காஸலில் குவியல் குறையத் தொடங்கியதும் பாய்ஸுக்கு ஆசை பெரிதானது.

1983-இல் ஹாம்பர்க் நகரம் ஒரு பொதுக் கலைத் திட்டம் கேட்டது. அவர் கை நீட்டியது துறைமுகத்துக்கு அருகே ஆல்டன்வெர்டர் என்ற இடத்தை. எல்பே ஆற்றைத் தூர்வாரிய சேற்றைக் கொட்டும் வயல்கள் அங்கே இருந்தன. கன உலோகங்கள் கலந்த விஷச் சேறு. அங்கே மரங்களையும் புதர்களையும் நட்டு, வேர்களால் விஷத்தைக் கட்டிப்போடலாம், நிலத்தடி நீருக்கு இறங்காமல் தடுக்கலாம் என்றார். தாவரத்தால் மண்ணைச் சுத்தம் செய்யும் முறை பின்னால் விஞ்ஞானத்தில் ஒரு தனித் துறையாகவே வளர்ந்தது. அன்று ஹாம்பர்க் அரசு ஒப்புக்கொள்ளவில்லை. 1984-இல் திட்டத்தைக் கைவிட்டது.

காஸல் மேயரிடம் இருந்த பொறுமை ஹாம்பர்க்கில் இல்லை. ஒரு நகரத்தில் பலித்தது அடுத்த நகரத்தில் பலிக்கவில்லை என்றால், பலித்தது யோசனையாலா, ஆள் பலத்தாலா?

இந்தச் சந்தேகத்தை வைத்துக்கொண்டு 1986-க்குள் நுழைகிறோம்.

ஜனவரி 12. டூயிஸ்பர்க் நகரில் பாய்ஸுக்கு லெம்ப்ருக் விருது. சிற்பி வில்ஹெல்ம் லெம்ப்ருக்கின் படைப்புகளைப் பார்த்துத்தான் தான் சிற்பியாக முடிவெடுத்ததாக மேடையில் நன்றி சொன்னார். உடம்பு ஏற்கெனவே தளர்ந்திருந்தது.

பதினோராவது நாள், ஜனவரி 23. டுசெல்டார்ஃபில் அவர் இதயம் செயலிழந்தது. வயது 64. சாம்பலை வடகடலில் கரைத்தார்கள். ஏழாயிரம் கற்களை நிறுத்த நினைத்தவருக்குக் கல்லறைக் கல் கிடையாது.

அதற்குள் காஸல் தெருக்களில் ஏறக்குறைய 5,500 மரங்கள் நின்றுவிட்டன. ஃப்ரிடரிசியானும் எதிரே மீதி சுமார் 1,500 கற்கள். அடுத்த டாக்குமென்டா 1987 ஜூனில். அதற்குள் முடிக்க வேண்டும் என்பது பாய்ஸின் கணக்கு. கையில் பதினேழு மாதம். நன்கொடை கேட்க அந்தத் தொப்பி இல்லை, உருக்க இன்னொரு கிரீடம் இல்லை. குவியலின் மேல் கோபம் தணியாத மக்கள் மட்டும் ஊரிலேயே இருந்தார்கள்.

நிபந்தனை போட்டவர் போன பிறகு அந்த நிபந்தனை யாரைக் கட்டும்? ஒரு நாள் காலையில் லாரிகள் வந்து மிச்சத்தை அள்ளிக்கொண்டு போனால், குறுக்கே வந்து நிற்கப்போவது யார்?

(தொடரும்)